கலவன்

பொன்னுரங்கம் பன்னிரண்டு வருடம் விதைப்பண்ணையில் வேலை பார்த்தவர். விதைக் குவியலில் நிறம் மாறிய மணி ஒன்று கண்ணில் பட்டால் போதும், கை தானாகப் பொறுக்கி எறிந்துவிடும். அப்படி எறியப்படும் மணிக்குப் பெயர்தான் கலவன். நாற்பது வயதில் பேராசிரியர் வேதவல்லியிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அந்தக் கையும் கூடவே வந்து சேர்ந்தது.

மலைக்குப் போய் பன்னிரண்டு ஊர்களில் தட்டைப்பயறு வாங்கி வந்தார். விதைத்தார், மரபணுவைச் சோதித்தார், அறிக்கை எழுதிக் கொண்டுவந்தார்.

"பன்னிரண்டும் ஒண்ணுதான் மேடம். ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டா போதும்."

அன்றைக்கே வேதவல்லியின் அறைக்குப் பெருமாயி வந்தாள். மலையில் விதை கொடுத்தவர்களில் ஒருத்தி. இரண்டு வருடமாக மழை பொய்த்து, ஊரில் விதைக்கு ஒரு மணி மிச்சமில்லை. கொடுத்ததில் ஒரு படி திருப்பிக் கேட்டாள்.

பொன்னுரங்கம் பெருமையோடு பையை நீட்டினார். அவள் பிரித்துப் பார்த்தாள். அத்தனையும் வெள்ளை.

"இது யாரூட்டுப் பயறு சார்?"

"உங்க பயறுதாம்மா. கலவன் எடுத்துச் சுத்தமாக்கியிருக்கு."

"நான் குடுத்ததுல செவப்பு இருந்துச்சு, கருப்பு இருந்துச்சு. மழ பிந்துனா செவப்புதான் காய்க்கும். பூச்சி விழுந்தா கருப்புதான் நிக்கும். ரெண்டையும் பொறுக்கிப்புட்டுச் சுத்தம்னா சொல்றீங்க? இத வெதச்சு, மழ பிந்துனா எம் புள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வயிறு எரிந்துதான் போனாள். எரியாதா பின்னே?

பொன்னுரங்கத்துக்கும் கோபம் வந்தது.

"பாருங்க மேடம். ஒவ்வொரு மணியா உக்காந்து பொறுக்கினேன். ஒரு நன்றி உண்டா?"

"எந்த ஊருதைப் பொறுக்கினீங்க?"

"பன்னிரண்டையும்தான். சோதனைக்கு முன்னாடியே."

வேதவல்லி மேசைமேல் இருந்த பையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"பொறுக்கினதை என்ன பண்ணீங்க?"

"கேன்டீனுக்குக் கொடுத்துட்டேன். ஆயுத பூஜைக்குச் சுண்டல் போட்டாங்களே, அது."

வேதவல்லி அறிக்கையைப் பொன்னுரங்கத்தின் பக்கம் தள்ளினார்.

"கடைசி வரியை வாசிங்க."

"'பன்னிரண்டு ஊர்ப் பயறிலும் வேறுபாடு காணப்படவில்லை.'"

"அதை அடிங்க. 'சுண்டல் செய்து தின்றுவிட்டோம்'னு எழுதுங்க. நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன். என் பேரையும் போடுங்க."