கோரையை மேய்ந்த எருமை

அத்திக்காட்டு மேட்டில் எருமைகளும் காட்டுப்பன்றிகளும் கூட்டமாகக் குடியிருந்தன. மேட்டுக்குக் கீழே ஒரு குளம். அதன் கரையில் சின்னமணி என்ற நீர்நாய் தன் மனைவியோடும் இரண்டு குட்டிகளோடும் வாழ்ந்தது.

மேட்டிலிருந்து வரும் கழிவுநீர் நேரே குளத்தில் விழாது. முதலில் ஒரு குழியில் தேங்கும். சாணமும் சேறும் அடியில் தங்கிவிடும். பிறகு அந்த நீர் கோரைப்புல் அடர்ந்த சதுப்புக்குள் மெல்ல ஊர்ந்து போகும். மறுபக்கம் வரும்போது தெளிந்திருக்கும். அந்தக் கோரையை நட்டு வளர்த்தது சின்னமணிதான்.

அந்த ஆண்டு கோடை கடுமையாக இருந்தது. மேட்டில் ஒரு பிடி புல் இல்லை. கரியாத்தாள் என்ற எருமைக்குப் பால் வற்றிவிட்டது. அதன் கன்று மடியை முட்டி முட்டிக் கத்தியது.

கரியாத்தாள் கீழே இறங்கி வந்தது. கோரை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அதன் ஓரத்தில் சின்னமணி இருந்தது.

"தம்பி, இதை நாங்கள் மேய்ந்துகொள்கிறோம்!"

"ஓரமாகக் கொஞ்சம் மேயுங்கள் அக்கா. நுனியை மட்டும் கடியுங்கள். வேரில் வாய் வைத்துவிடாதீர்கள்!"

"அழுக்குத் தண்ணீரில் நிற்கிற புல்லுக்கா இவ்வளவு காவல்?"

"அது நின்றால்தான் அக்கா என் வீட்டுத் தண்ணீர் சுத்தமாக இருக்கும்."

"என் கன்று பசியில் கிடக்கிறது. உனக்குத் தண்ணீர்க் கவலையா?" என்று சீறியது கரியாத்தாள்.

சின்னமணி வழிவிட்டு விலகிக்கொண்டது. கரியாத்தாள் தன் கூட்டத்தையே அழைத்து வந்தது. மூன்றே நாளில் கோரை மொட்டையானது. பின்னாலேயே பன்றிகள் வந்து, மண்ணைக் கிளறிக் கோரையின் கிழங்குகளைத் தோண்டித் தின்றன.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கன்று வயிறாரப் பால் குடித்தது.

"பார்த்தாயா? குளம் அப்படியேதான் இருக்கிறது!" என்று சிரித்தது கரியாத்தாள்.

பிறகு ஒரு நாள் கோடை மழை கொட்டியது. குழி நிரம்பி வழிந்தது. தடுக்கக் கோரை இல்லை. மேட்டின் அழுக்கு முழுவதும் ஒரே பாய்ச்சலில் குளத்தில் இறங்கியது. இரண்டு நாளில் நீர் கறுத்து நாறியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

அந்த நீரைக் குடித்த கன்றுக்குக் கழிச்சல் கண்டது. பத்து நாள் தவித்துப் பிழைத்துக்கொண்டது. செத்த மீனைத் தின்ற நீர்நாய்க் குட்டிகளில் சிறியது பிழைக்கவில்லை.

கரியாத்தாள் ஓடி வந்தபோது சின்னமணி குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, போகாதே! நாங்கள் எல்லோரும் சேர்ந்து கோரையைத் திரும்ப நடுகிறோம்!"

"நடுங்கள் அக்கா. நட்டால் வளரும். ஆனால் இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கு மீன் வேண்டுமே."

"நான் உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்!"

"உங்களுக்கும் பிள்ளைப் பசிதான். எனக்குத் தெரியும்" என்றது சின்னமணி. மூன்று நீர்நாய்களும் ஓடையோடு நடந்து மறைந்தன. சின்னமணி திட்டியிருந்தால் தேவலை என்று கரியாத்தாளுக்குத் தோன்றியது.

எருமைகள் தொலைவிலிருந்து கோரைக்கிழங்கு கொண்டுவந்து நட்டன. பன்றிகள் குழியைத் தூர்வாரின. இரண்டு மழைக்காலம் கழித்து நீர் தெளிந்தது. வெள்ளத்தோடு மீன்களும் வந்தன. நீர்நாய்கள் மட்டும் வரவில்லை. சின்னமணியின் வளை வாயில் புல் மூடிக் கிடந்தது. கரியாத்தாள் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் குடித்துவிட்டுப் போகும்.

நம் அழுக்கைத் தெளிய வைக்கும் இடத்தை நாமே அழித்தால், அந்தத் துன்பம் முதலில் போய்ச் சேர்வது நமக்குக் கீழே வாழ்பவரைத்தான்.