செங்கோடன் வீட்டு அடுப்பு கிழக்கே பார்த்த கதை

மூணாங்கரடு என்கிற ஊரில் செங்கோடன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு மாரப்பன், குப்பணன் என்று இரண்டு தம்பிகள், பாவாயி என்று ஒரு தங்கை. வீட்டில் யோசிக்கிற வேலை முழுவதும் செங்கோடனுடையது. மூத்தவர் என்பதால் அது அவர் தலையில் விழுந்துவிட்டது. அந்தத் தலைக்கு அது தோதுப்படுமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

பாவாயிக்கு ஒரு வரன் தகைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கை நனைத்து, அந்தச் சாப்பாடு ஒழுங்காக நடந்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். பாவாயிக்கு இந்த வீட்டை விட்டுப் போகிற வழி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் அடுப்பு உடைந்தது. புதன்கிழமை காலையில் அவள் தண்ணீருக்குப் போகும்போது, "சின்னண்ணா, சோறு வெந்ததும் அடுப்பை அணைச்சிருங்க" என்று குப்பணனிடம் சொல்லிவிட்டுப் போனாள். தங்கை சொல்லைத் தட்டாதவன் குப்பணன். சோறு வெந்ததும் சட்டியை இறக்கி வைத்தான். இரண்டு கைகளையும் அகல விரித்தான். அடுப்பை மார்போடு சேர்த்து அணைத்தான்.

அடுப்பு நான்கு துண்டாகப் போனது. குப்பணன் நெஞ்சில் ஆறு கொப்புளம்.

"இன்னும் அணைச்சிருப்பேன் அம்மிணி" என்றான், வாழைக்குருத்தை மார்பில் ஒட்டிக்கொண்டு. "அதுதான் தாங்கலை."

அன்றைக்கே செங்கோடன் சந்தைக்குப் போய்ப் புது விறகடுப்பு ஒன்று வாங்கினார். நல்ல களிமண் அடுப்பு, பெரிய வாய், பின்பக்கத்தில் குழம்புச்சட்டி வைக்க இன்னொரு குழி. விற்றவர் வெள்ளை மனசுக்காரர். ஆளைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. சும்மா கொடுத்து அனுப்பியிருக்கலாம். பாவம், மூன்று யோசனை சொன்னார்.

"அடுப்பு வாயி கெழக்கே பாத்தாப்பல இருக்கோணும்ங்க. பொகை போறதுக்கு வழி விடோணும். செவுத்துல இருந்து ஒரு மொழம் தள்ளி வைங்க. அவ்வளவுதான்."

செங்கோடன் வழியெல்லாம் அந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு எழுத்து குறையாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தார். அர்த்தத்தைத்தான் சந்தையிலேயே விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் அண்ணன் தம்பி மூவரும் சமையலறையில் கூடினார்கள். அடுப்பை நடுவில் வைத்து, அதன் வாயைக் கிழக்கே திருப்பினார்கள். பாவாயி கொடுவாளால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "அவ்வளவுதானே, பத்த வைக்கட்டுமா?" என்றாள்.

"அவசரப்படாதே அம்மிணி" என்றார் செங்கோடன். "வாயைத் திருப்பியாச்சு சரி. கெழக்கே பாக்குதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

யோசித்துப் பார்க்காவிட்டால் நியாயமான கேள்விதான். அதனால் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. குப்பணன் தரையில் குப்புறப் படுத்து, அடுப்பின் பின்பக்கத்துக் குழி வழியாகத் தலையை விட்டு, வாய் வழியாக எட்டிப் பார்த்தான்.

"என்னடா தெரியுது?"

"செவுரு தெரியுதுங்கண்ணா."

"கெழக்கு?"

"கெழக்கு தெரியலைங்கண்ணா. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போல."

செங்கோடன் தீப்பெட்டியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். நல்லவேளை, முன்கூட்டியே கண்டுபிடித்தோம். பார்க்காமலே பற்றவைத்திருந்தால் தங்கை கல்யாணம் என்ன ஆகியிருக்கும்? உடனே கடப்பாரை வந்தது. அடுப்பு வாய்க்கு நேராக, பூசணிக்காய் நுழைகிற அளவுக்குச் சுவரில் ஒரு ஓட்டை விழுந்தது. குப்பணன் மறுபடி தலையை விட்டான்.

"இப்ப?"

"எருமை தெரியுதுங்கண்ணா."

அடுத்த வீட்டு ராக்கியப்பனின் எருமை, ஓட்டைக்கு நேர் எதிரே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. செங்கோடன் போய் மரியாதையாகச் சொன்னார். "எங்க அடுப்புக்கு உங்க எருமை மறைக்குதுங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் கட்டினீங்கன்னா நல்லது."

ராக்கியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஓட்டை வழியே தெரிந்த இரண்டு தம்பிகளையும் பார்த்தார். "நாலு எருமையில ஒண்ணை மட்டும் கட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று முனகியபடி அவிழ்த்துக்கொண்டு போனார்.

செங்கோடன் திரும்பி வந்து, "மாரப்பா, பாவம் அந்த மனுசனோட எருமை மூணு காணாமப் போயிருக்கு. தெரிஞ்சா சொல்லி விடு" என்றார்.

இப்படிக் கிழக்கு ஒருவழியாகத் தெரிந்தது. பாவாயி அடுப்பைப் பற்றவைத்தாள். புது மண், ஈர விறகு. புகை கிளம்பி அறை முழுக்க நின்றது.

"பொகைக்கு வழி விடோணும்னாரே!" என்று செங்கோடன் கத்தினார். மூவரும் பதறி விலகினார்கள். ஒருவன் இந்தப் பக்கச் சுவரோடு ஒட்டினான், இன்னொருவன் அந்தப் பக்கம். நடுவில் சாமி புறப்பாடு போகிற அளவுக்கு இடம். "போங்க, போங்க" என்று மாரப்பன் கையைக் கூடக் காட்டினான்.

புகை போகவில்லை.

"புதுசு இல்லீங்களா அண்ணா, வழி தெரியாதுங்க" என்றான் மாரப்பன் இருமிக்கொண்டே. "நான் வேணா முன்னாடி நடந்து காட்டட்டுமா?"

அவன் முன்னால் நடந்தான். அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்து, "இப்படி வாங்க, படி இருக்கு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே தெருவைத் தாண்டி, ஊர் எல்லைப் புளியமரம் வரைக்கும் போய்விட்டு வந்தான். திரும்பி வந்தபோது புகை உள்ளேயேதான் இருந்தது.

"பாதி வழியில என்னை விட்டுட்டுத் திரும்பிருச்சுங்கண்ணா. கூச்ச சுபாவம்" என்றான்.

பாவாயிக்குக் கண்ணில் நீர் கொட்டியது. புகையால்தான் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். கூரை மேல ஏறி ரெண்டு ஓட்டை எடுத்து விட்டிருங்க. போதும்" என்றாள்.

ஏறினார்கள். கூரையில் ஏற்கெனவே ஓடு விலகி இரண்டு இடத்தில் ஓட்டை இருந்தது. கொஞ்சநஞ்சப் புகையும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூவரும் மண் குழைத்துக் கொண்டுபோய் அந்த இரண்டு ஓட்டைகளையும் இருந்த தடம் தெரியாமல் எடுத்துவிட்டு இறங்கினார்கள்.

"ரெண்டையும் எடுத்தாச்சு அம்மிணி. மூணாவது ஒண்ணு இருந்தா சொல்லு."

அன்றைக்கு எல்லாரும் பழைய சோறும் வெங்காயமும் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் வர இன்னும் ஒரு நாழிகைகூட இல்லை. பாவாயி குளித்து, புதுச்சேலை உடுத்தி, அரிசி களைந்து வைத்திருந்தாள். செங்கோடனுக்கோ மூன்றாவது யோசனை மிச்சமிருந்தது.

"செவுத்துல இருந்து ஒரு மொழம் தள்ளி வைக்கச் சொன்னாரு. மொதல்ல தள்ளோணும், அப்பறம் வைக்கோணும். நாமதான் தள்ளாமயே வெச்சுட்டோம். அதான் எல்லாம் கோளாறு."

"எதைத் தள்ளறதுங்க?" என்றான் குப்பணன்.

"அடுப்பைத் தள்ள முடியுமா? முந்தாநேத்து வாங்கினது, பச்சை மண்ணு. செவுரு நம்ம தாத்தா காலத்துது, நல்லா உறுதி. செவுத்தைத்தான் தள்ளோணும்."

"அண்ணா!" என்று பாவாயி கையிலிருந்த அரிசியோடு ஓடி வந்தாள். "வேண்டாம்ங்கண்ணா! அடுப்பை நான் தூக்கி வெக்கிறேன்!"

"பொம்பளைப் புள்ளை பாரம் தூக்கறதா? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றார் செங்கோடன் பாசமாக. மூவரும் கிழக்குச் சுவரில் தோளைக் கொடுத்தார்கள்.

ஏற்கெனவே ஓட்டை விழுந்த சுவர். "ஏலேலோ" என்று மூன்றாவது முறை சொல்வதற்குள் அது முழுசாக வெளியே சாய்ந்தது. பின்னாலேயே சமையலறைக் கூரை, ஓடுகளோடும், புதிதாக அப்பிய மண்ணோடும், தடதடவென்று சரிந்து விழுந்தது. ஆளுக்கு ஒரு சிராய்ப்போடு தப்பினார்கள். எருமை முன்பே இடம் மாறிவிட்டதால் அதுவும் பிழைத்தது.

தூசி அடங்கியது. செங்கோடன் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு கீறல் விழாமல் நின்றது. அதன் வாய்க்கு எதிரே அடிவானம் வரைக்கும் கிழக்கு. மேலே ஆகாசம், புகை எங்கே வேண்டுமானாலும் போகலாம். சுவரும் ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளித்தான் கிடந்தது.

"ஒரே தள்ளுல மூணு காரியமும் முடிஞ்சுதடா" என்றார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரும் வந்து சேர்ந்தார்கள். சுவர் இல்லாததால் வாசலைத் தேட வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா நல்லண்ணன் கும்பிட்டு, "உங்க வீட்டுல கை நனைச்சுட்டுப் போலாம்னு வந்தோம்ங்க" என்றார்.

"அதுக்கென்னங்க!" குப்பணன் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுவந்து, நீட்டிய பதினோரு வலது கையிலும் வரிசையாக ஊற்றினான்.

பாவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சம்பந்தம் இத்தோடு போயிற்று. இனி கத்துவார்கள், துண்டை உதறிக்கொண்டு கிளம்புவார்கள்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். நல்லண்ணன் தன் கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாருக்கும் நனைஞ்சுதா?"

"நல்லா நனைஞ்சுதுங்கப்பா" என்றார் மாப்பிள்ளை, மனசார.

"அப்ப சம்பந்தம் முடிஞ்சுது."

பாவாயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எப்படியும் பசித்தது. அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றினாள். புகை ஒழுங்காக மேலே போனது. நல்லண்ணன் அதைப் பார்த்துவிட்டு, செங்கோடனைப் பக்கத்தில் அழைத்து, அடுப்பு விற்றவர் சொன்ன மூன்று யோசனையையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அடுப்பு அமைஞ்சது பிரமாதம்ங்க. ஆனா செவுத்துல இருந்து ஒரு மொழம்னா, எந்தச் செவுருன்னு சொன்னாருங்களா?"

செங்கோடன் விரல் விட்டு மூன்றையும் மறுபடி சொல்லிப் பார்த்தார். "சொல்லலைங்களே."

"அப்ப மத்த மூணையும் விட்டுட்டீங்களே?"

பதினோரு பேரும் எழுந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அப்போது மாப்பிள்ளை தயங்கினார். "அப்பா, ஈரக் கையோட தள்ளினா வழுக்குமே. தொடைச்சுக்கலாமா?"

"கையைத் தொடைச்சா சம்பந்தம் முறிஞ்சிரும்டா!"

நெடுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் செங்கோடன்தான் தீர்த்துவைத்தார். பதினோரு பேரும் ஈர வலது கையைக் காயாமல், எதிலும் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மேற்குச் சுவரைத் தள்ள ஆரம்பித்தார்கள். காய்ந்துபோகிற கைகளுக்கெல்லாம் குப்பணன் செம்போடு ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றினான்.