இரட்டை விலையை மறுத்த பட்டு வியாபாரி

வெகு காலத்துக்கு முன்னால் வெண்ணாவல் நாட்டைக் கீர்த்திமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்; ஆனால் காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான். அவனுக்கு அமைச்சராக இருந்தவள் பூதலநங்கை. ஒரு பெண் சொல்லுக்குச் சபை தலையாட்டுகிறதே என்று பொக்கிஷதார் பிங்கலர் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தார்.

தீபாவளி நெருங்கிய சமயம், கோட்டை வாசலில் ஒருவன் கூடாரம் அடித்தான். துறைமுகத்துப் பெரிய பட்டு வணிகர் அம்பலவாணச் செட்டியாரின் ஆள் என்றான். செட்டியாரின் அன்னக்கொடியும் மேலே பறந்தது. பண்டிகைக்காகப் பட்டு கால் விலை, இப்போதே பணம் கட்டினால் சரக்கு நாலு நாளில் கப்பலில் வந்துவிடும், பொழுது சாய்ந்தால் இந்த விலை கிடையாது என்று தமுக்கடித்தான். மாதிரிக்குக் கையில் ஒரே ஒரு சேலை. ஊரே முண்டியடித்தது. கையில் காசில்லாதவர்கள் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

அரண்மனைக்கும் மொத்தமாக வாங்கிவிடலாம் என்று பிங்கலர் சபையில் சொல்ல, ராஜா உடனே சரியென்றான். பூதலநங்கை தடுத்தாள். கொடியை யாரும் தைத்துக்கொள்ளலாம், முதலில் செட்டியாரிடம் ஆளனுப்பிக் கேட்போம் என்றாள்.

"ஆள் திரும்பி வருவதற்குள் சலுகை போய்விடும். அமைச்சருக்கு மலிவாக எது வந்தாலும் சந்தேகம்" என்றார் பிங்கலர்.

ராஜாவுக்கு ஏனோ சுள்ளென்று கோபம் வந்தது. பொழுது சாய்வதற்குள் அந்தப் பட்டுக்காரன் போலி என்று அவள் காட்ட வேண்டும், முடியாவிட்டால் அமைச்சரின் முத்திரை மோதிரம் பிங்கலர் கைக்குப் போகும் என்றான்.

மோதிரம் போவதைவிட, வாசலில் வெறுங்காதோடு நின்ற பெண்கள்தான் அவளை உறுத்தினார்கள். அதட்டினால் அந்த ஆள் சாதிப்பான். அவன் கேட்டதற்கு மேலேயே கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். அவனைச் சபைக்கு மரியாதையாக வரவழைத்து, சந்தனம் கொடுத்து உட்காரவைத்தாள்.

"கால் விலை உங்களுக்குக் கட்டாது, ஐயா. அரண்மனை இரட்டை விலை தரும். கப்பல் வந்து சரக்கு இறங்கியதும் மொத்தமும் உங்கள் கையில். அதுவரை ராஜாவின் விருந்தாளியாக இங்கேயே தங்குங்கள்."

அவன் முகம் வெளிறியது. இரட்டை விலை வேண்டாம், கால் விலையே போதும் என்றான். அப்புறம், அதில் பாதியை இப்போது கொடுத்தாலும் சரி என்று இறங்கினான். கடைசியில், வழிச்செலவுக்கு ஏதாவது கொடுத்தால் கிளம்புகிறேன் என்று எழுந்தே விட்டான்.

ராஜா சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இரட்டை விலைக்குப் பயப்படுகிற வியாபாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இவனைப் பிடியுங்கள்."

கூடாரத்தில் பணமும் நகையும் அப்படியே இருந்தன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தும் ஒருவரும் நகரவில்லை. ஏமாந்தவர் என்று பெயரெடுக்க யாருக்கு மனசு வரும்? ராஜாவோ, பிங்கலரைக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றிவரச் செய்யப்போவதாகச் சொன்னான்.

"வேண்டாம், மகாராஜா. அவரைக் கேலி செய்தால் ஏமாந்த எல்லாரையும் கேலி செய்த மாதிரி ஆகும். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த பண்டிகைக்கு இன்னொருவன் வேறு கொடியோடு வருவான்" என்றாள் பூதலநங்கை.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வாசலுக்கு நடந்து, கூட்டத்தின் நடுவே நின்றான்.

"இதில் ஒரு முத்துமாலை என்னுடையது. ராணிக்குச் சேலை வாங்கக் காலையிலேயே ரகசியமாக அனுப்பிவைத்தேன்."

கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது, பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ராஜா திரும்பப் பெற்ற மாலையை அங்கேயே பூதலநங்கைக்குப் பரிசாகக் கொடுத்து, ராணிக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான்.

எல்லாரும் போன பிறகு, தூண் மறைவிலிருந்து ஒருவர் தலையைக் குனிந்தபடி வந்து, தன் மனைவியின் ஒட்டியாணம் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். பிங்கலர்தான். பூதலநங்கை ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அவர் அன்றுதான் முதன்முறையாக அவளைக் கைகூப்பி, "அமைச்சரே" என்று அழைத்தார்.