ஒரு சாண் மிச்சம்

"நான் போகமாட்டேன், சாமி" என்றாள் அகிலாண்டம்.

குரு உண்ணாமுலை செடி வெட்டுகிற கவாத்துக் கத்தரியின் வாயில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நேத்தே சொல்லிட்டேனே, அக்கா."

"நீங்க சொன்னீங்க. நான் ஒத்துக்கிட்டேனா?"

குருவுக்கு வயது குறைவு. சிஷ்யைக்கு அதிகம். ஆசிரமத்தில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரு, இவளை மட்டும் அக்கா என்பார். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டேதான் இப்போது வெளியே அனுப்புகிறார். இது எந்த ஊர் நியாயம்?

மலைக்குக் கீழே ஒரு கிராமத்தில் பெண்கள் சேர்ந்து ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். மனசு கனத்தால் வந்து உட்கார ஓர் இடம். பேசினால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று குருவிடம் கேட்டார்கள். குரு யோசிக்கவே இல்லை. அகிலாண்டத்தைக் கை காட்டிவிட்டார். நாளைக் காலை வண்டி வரும்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? தப்பு பண்ணவங்களைத்தான் வெளிய அனுப்புவாங்க."

"தப்பு பண்றவங்க இங்கேயே இருக்கட்டும். அவங்களுக்கு இன்னும் வேலை பாக்கி."

"அப்போ நானும் நாளையிலேருந்து தப்பு பண்றேன்."

"உங்களுக்கு வராது, அக்கா."

"மரகதத்தை அனுப்பக் கூடாதா?"

"அவ இதுவரைக்கும் என்னை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்ல."

"கேட்டது என் குத்தமா? நீங்க பதில் சொல்லுவீங்கங்கிற தைரியத்துல கேட்டேன். அங்க போயி யாரைக் கேப்பேன்?"

"அதுக்குத்தான் அனுப்புறேன்."

"இதெல்லாம் ஒரு பதிலா?"

குரு கத்தரியோடு தோட்டத்துக்கு நடந்தார். அகிலாண்டம் விடுவாளா? பின்னாலேயே போனாள்.

மழை ஓய்ந்திருந்தது. பன்னீர் ரோஜாவுக்குக் கவாத்து செய்கிற காலம். அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. கத்தரி வைக்கும் முன்னால், செடியில் மிச்சமிருக்கிற பூவையெல்லாம் பறித்துப் பக்கத்தில் நிற்பவரின் மடியில் போடவேண்டும்.

குரு பறித்துப் போட்டார். அகிலாண்டம் முந்தானையை ஏந்தினாள். ஏந்திக்கொண்டே ஆரம்பித்தாள்.

"சரி, போறேன்னே வச்சுக்குவோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்துடுவேன்."

நறுக். ஒரு கிளை விழுந்தது.

"வாங்க" என்றார் குரு.

"வந்தா ரெண்டு மூணு நாள் தங்குவேன்."

"தங்குங்க."

"என் அறையை வேற யாருக்கும் தரக் கூடாது."

"பூட்டியே வச்சிருக்கேன்."

"யாராவது ஏடாகூடமா எதையாவது கேட்டா, சாமிகிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லிடுவேன்."

குரு கொஞ்சம் தயங்கினார். "சரி. ஆளை அனுப்புங்க. பதில் சொல்லி விடுறேன்."

"சாப்பாடு ஒத்துக்கலேன்னா?"

"பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டித் தரேன். அதுக்கும் மேல முடியலேன்னா கிளம்பி வந்துடுங்க."

அகிலாண்டத்துக்கே சந்தேகமாக இருந்தது. குருவிடம் இவ்வளவு லேசாக அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை. இனி என்ன, கடைக்குப் போய்விட்டு வருகிற மாதிரிதான். உற்சாகமாக அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

கிணற்றுப் பக்கம் நின்ற செடி. மற்றதெல்லாம் ஆளுயரம் இருக்க, இது மட்டும் நோஞ்சான். நுனிக் குச்சிகள் கறுத்துக் காய்ந்து நின்றன. கறுப்பு தண்டுக்குள் இறங்கியிருந்தது.

"இந்தச் செடியைப் போன வருஷம் வெட்டினது யாரு, சாமி?"

"ஏன்?"

"கணுவை ஒட்டி வெட்டணும்னு தெரிய வேணாம்? பாருங்க, கணுவுக்கு மேல ஒரு சாண் குச்சியை விட்டு வச்சிருக்கு. துளிர் கணுவுல வரும். மேல நிக்கிற மொட்டைக் குச்சிக்கு என்ன வேலை? அது காஞ்சு, அழுகி, அந்த அழுகல் உள்ள இறங்கி... வெட்டாம விட்டிருந்தாக்கூட இது பொழைச்சிருக்கும்! எந்தப் புண்ணியவதி பண்ணின வேலை இது?"

"நான்தான்."

அகிலாண்டத்தின் வாய் மூடியது. மூடியே இருந்துவிடுமா?

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"இது உங்களுக்குப் பிடிச்ச செடி. நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க, மறந்துட்டீங்க. கணுகிட்ட கத்தரியை வச்சேன். அய்யோ, அவ்வளவா சாமின்னீங்க."

"நான் ஆயிரம் சொல்வேன்!"

"நிமிர்ந்து உங்களைப் பார்த்துட்டேன். கத்தரி மேல ஏறிப்போச்சு."

"செடியைப் பார்த்து வெட்டுவாங்களா, என் மூஞ்சியைப் பார்த்து வெட்டுவாங்களா?"

குரு கிணற்று மேடையில் உட்கார்ந்தார். கத்தரியை அவளிடம் நீட்டினார்.

அகிலாண்டம் முந்தானைப் பூவைக் குருவின் மடியில் கொட்டினாள். குந்தி உட்கார்ந்தாள். கறுப்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே இறங்கினாள். இறங்கி, இறங்கி, ஓரிடத்தில் நின்றாள். அரிசி அளவுக்கு ஒரு சிவப்புக் கணு. அதை ஒட்டிக் கத்தரியைச் சாய்த்து வைத்தாள்.

நறுக்.

வெட்டுவாய் பச்சையாக இருந்தது.

அடுத்தது. அதற்கடுத்தது. செடி முழங்கால் உயரம்கூட மிஞ்சவில்லை. அவள் அய்யோ என்று சொல்லவில்லை.

கரைத்து வைத்திருந்த சாணத்தை எடுத்து வெட்டுவாய்களில் அப்பினாள். அப்பிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"சாமி."

"ம்."

"இப்போ நான் கேட்டதுக்கெல்லாம் சரி, சரின்னீங்களே."

"ஆமா."

"அதுவும் என் மூஞ்சியைப் பார்த்துத்தானா?"

குரு மூக்கை உறிஞ்சினார். பனிக்காலம், ஜலதோஷம் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

அகிலாண்டம் மிச்சச் சாணத்தையும் அப்பி முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"என் அறையை அந்தச் செங்கத்துப் பொண்ணுக்குக் கொடுத்துடுங்க. வராந்தாவுல படுத்து விடிய விடிய இருமுறா."

"அக்கா..."

"கேள்வி வந்தா நானே பதில் சொல்லிக்கிறேன். தப்பாச் சொன்னா, அவங்க என்கூடச் சண்டைக்கு வரட்டும்."

"பொடியாவது கொண்டு..."

"அந்த ஊர்ல பருப்பு இல்லையா, மிளகாய் இல்லையா? பௌர்ணமிக்கும் வரமாட்டேன்."

குரு படக்கென்று எழுந்தார். மடியிலிருந்த பூவெல்லாம் மண்ணில் சிதறியது.

"அதுக்காக ஒரேயடியாவா? வருஷத்துக்கு ஒரு தடவை? கவாத்து சமயத்துலயாவது?"

இத்தனை காலத்தில் குரு அவளிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு பேச்சுக்குச் சரி என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

"கவாத்து சமயத்துல எப்படி வர்றது, சாமி?" என்றாள். "அங்க என் செடியை யாரு வெட்டுவாங்க?"