வாளைப் பிடிக்கக் கொடுத்த வீரன்

மருதங்காட்டில் செதிலன் என்று ஓர் எறும்புத்தின்னி இருந்தான். அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. ஒருநாளாவது மின்னல் கீரியாக வேஷம் கட்டி ஆட வேண்டும்.

மின்னல் கீரி யார் என்று அந்தக் காட்டில் குஞ்சு குளுவானுக்குக்கூடத் தெரியும். எந்தக் காலத்திலோ வாழ்ந்த மாவீரன். முள்ளம்பன்றியின் முள்தான் அவன் வாள். அரசிலைதான் முகமூடி. ஆலம்விழுதைப் பிடித்து ஆடியபடி மரத்துக்கு மரம் தாவி வருவான். ஏழு நாகங்கள் சுற்றி வளைத்தாலும் அவன் முகத்தில் புன்னகை மாறாது. வாள் ஒரே ஒரு முறை மின்னும். ஏழு தலைகளும் குனியும். பிறகு மீசையை நீவிக்கொண்டு, வந்த வழியே விழுதைப் பிடித்துப் போய்விடுவான். அவனுக்கு வியர்த்ததாகவோ கால் இடறியதாகவோ கதையில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஒவ்வொரு கோடையிலும் பொழுது சாயும் நேரத்தில் குளக்கரை ஆலமரத்தடியில் அந்தக் கூத்து நடக்கும். நடத்துபவர் கொக்கு வாத்தியார். மின்னல் கீரியாக ஆடுவது தோகைராசன் என்ற மயில். மயில் எப்படிக் கீரியாகும் என்று யாரும் கேட்டதில்லை. ஆட்டம் அத்தனை அழகு. செதிலனுக்குத் திரை பிடிக்கிற வேலை. ஏழு வருஷமாகத் திரைக்குப் பின்னால் நின்று நின்று வசனம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். புற்றைக் கிளறும்போதுகூட, "எடு வாளை, அற்பப் பதரே!" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எறும்பு தின்பான்.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. குளம் வற்றி, நடுவில் ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அந்த மடுவை வெருகன் என்ற காட்டுப்பூனை பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்க வேண்டுமானால் ஒரு முட்டை கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குஞ்சைத் தர வேண்டும் என்று அது சட்டம் போட்டது. கௌதாரி தன் கூட்டிலிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்து, கடைசியில் வெறும் கூட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். முட்டை இல்லாதவர்கள் விடியற்காலையில் புல்லில் இருக்கும் பனியை நக்கிக்கொண்டார்கள். மீதி நேரம் பள்ளத்துச் சேற்றை உறிஞ்சினார்கள்.

இத்தனைக்கும் வெருகன் ஒற்றை ஆள். எதிரே அறுபது எழுபது பிராணிகள். ஆனாலும் எல்லாரும் ஒன்றையே சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள். மின்னல் கீரி மாதிரி ஒருத்தன் இன்றைக்கு இருந்தால் இப்படி நடக்குமா என்றார்கள். சொல்லிவிட்டு வறண்ட நாக்கோடு படுத்துக்கொண்டார்கள்.

கூத்துக்கு நாள் நெருங்கியபோது தோகைராசனைக் காணவில்லை. தண்ணீர் இல்லாத ஊரில் தன்னால் வீரனாக ஆட முடியாது என்று சொல்லிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் பறந்து போய்விட்டதாம். கொக்கு வாத்தியார் இடிந்துபோனார். குரங்கைக் கேட்டார், மாட்டேன் என்றது. கீரிகளையே கேட்டார். மின்னல் கீரியின் வேஷத்தைக் கட்டுகிற தகுதி தங்களுக்கு ஏது என்று அவை ஒதுங்கிக்கொண்டன.

செதிலன் மெதுவாக முன்னால் வந்தான். "வாத்தியாரே, எனக்கு வசனம் தெரியும்" என்றான்.

வாத்தியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். குட்டைக் கால், நீளமூக்கு, முதுகு நிறையச் செதில். ஆனால் வேறு ஆள் இல்லை. அரைமனதோடு தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் காடே கூடியது. எல்லாரும் வழக்கம்போலக் கைகூப்பி உட்கார்ந்தார்கள். செதிலன் அரசிலை முகமூடியைக் கட்டிக்கொண்டு, முள் வாளைப் பிடித்துக்கொண்டு, விழுதில் தொங்கினான். ஏழு வருஷம் கனவு கண்ட நேரம். கண்ணை மூடி ஒரு வேகம் எடுத்துத் தாவினான்.

கை வழுக்கியது. தொப்பென்று மேடையின் நடுவில் விழுந்தான். பயம் வந்தால் எறும்புத்தின்னி என்ன செய்யுமோ அதையே அவன் உடம்பு தானாகச் செய்தது. அப்படியே பந்தாகச் சுருண்டுகொண்டான். சுருண்ட பந்து உருண்டு போய், நாகராஜன் வேஷத்தில் சீறிக்கொண்டிருந்த உடும்பை மோதிக் கவிழ்த்தது. பாவம், செதிலன் அப்போதும் வசனத்தை விடவில்லை. பந்துக்குள்ளிருந்து அமுங்கிய குரல் வந்தது. "கோழையே, என் முகத்தைப் பார்த்துப் பேசடா!"

முகம் எங்கே இருக்கிறது என்று உடும்பு பந்தைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியது.

ஒரு முயல்குட்டி களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா தாழம்பூ அதன் வாயைப் பொத்தப் போனாள். போன கை பாதியில் நின்றது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து கௌதாரி சிரித்தாள். அப்புறம் காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்று மாதமாக யாரும் சிரிக்காத காடு அது.

செதிலனுக்கு அது தெரியவில்லை. தன் கனவு மண்ணாகிப் போனது மட்டும்தான் தெரிந்தது. "ஐயோ" என்று சொல்லி எழுந்து, சாய்ந்த முகமூடியை நிமிர்த்தி, மிச்ச வசனத்தையும் எப்படியோ சொல்லி முடித்தான். நேராகத் தன் வளைக்குள் போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை தாழம்பூ வளை வாசலில் வந்து நின்றாள். இன்றைக்கும் ஆடுவீர்களா என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அவன் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டான். அவள் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, மயில் ஆடும்போது நான் கும்பிட்டுக்கிட்டு இருப்பேன்" என்றாள். "முடிஞ்சதும், வீரமெல்லாம் நமக்கு எங்கேனு எழுந்து வீட்டுக்குப் போவேன். நேத்து நீங்க விழுந்தீங்க. 'ஐயோ'ன்னீங்க. அப்புறம் எழுந்து நின்னு வாளை எடுத்தீங்க பாருங்க, அப்போ எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். காலு லேசா இருந்துச்சு."

செதிலன் மூலையில் கழற்றிப் போட்டிருந்த முகமூடியை எடுத்தான். பிறகு வளையை விட்டு வெளியே வந்தான்.

இந்த முறை வேண்டுமென்றே விழப் போகிறான் என்று கேட்டதும் கொக்கு வாத்தியார் கோபத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார். மாவீரனைக் கேலிப் பொருளாக்குவதா என்று சத்தம் போட்டார்.

"அவரை நான் கேலி பண்ணலை வாத்தியாரே" என்றான் செதிலன். "அவரை மாதிரி ஆகணும்னு ஆசைப்பட்டு, ஆக முடியாம உருள்ற என்னைத்தான் பண்றேன். அவர் மேலே பிரியம் இல்லாதவனுக்கு இது வராது."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனால் அன்று சாயங்காலம் நாணல் புதருக்குப் பின்னால் ஒரு நீளக் கழுத்து எட்டிப் பார்த்ததைப் பலரும் கண்டார்கள்.

செதிலன் ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்துச் செய்தான். விழுதில் தாவுவான், போன வேகத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்பான். நாகராஜனுக்குச் சவால் விட்டு நீளமாக ஒரு வசனம் பேசுவான். பேசி முடித்துப் பார்த்தால் நாகராஜன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். சண்டை உச்சத்தில் இருக்கும்போது முகமூடி அவிழும். "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று வாளை எதிரியின் கையிலேயே கொடுத்துவிட்டு முகமூடியைக் கட்டுவான். கட்டி முடித்து, நன்றி சொல்லி வாளைத் திரும்ப வாங்கிக்கொள்வான். உடும்பும் மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த இடத்தில் மரத்திலிருந்த குரங்கு சிரித்துச் சிரித்துக் கீழேயே விழுந்துவிட்டது.

கடைசிக் காட்சியில் ஏழு நாகங்களும் சூழ்ந்து நிற்கும். மயிலாக இருந்தால் அங்கே அட்டகாசமாக ஒரு சிரிப்புச் சிரிக்கும். செதிலன் முழங்கால் நடுங்க நின்று, "பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் வர்றேன்" என்பான். ஓர் அடி முன்னால் வைப்பான்.

மூன்றே நாளில் அந்த வசனம் குட்டிகளின் வாயில் ஏறிவிட்டது. முட்புதரைத் தாண்டும்போதும் உயரக் கிளையிலிருந்து குதிக்கும்போதும் அதையே சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தாண்டினார்கள், குதித்தார்கள்.

கூத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பற்றி வெருகன் அதுவரை கவலைப்பட்டதில்லை. கைகூப்பி உட்காருகிறவர்கள் தன் மீது கை வைக்க மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். இந்தச் சிரிப்புச் சத்தம்தான் அதற்குப் பிடிக்கவில்லை. நான்காம் நாள், கடைசிக் காட்சி நடந்துகொண்டிருக்கும்போது, புதரிலிருந்து ஒரே பாய்ச்சலில் மேடைக்கு வந்து நின்றது.

நாகங்களாக நடித்தவர்கள் சிதறி ஓடினார்கள். கூட்டம் உறைந்துபோனது. மேடையில் செதிலன் மட்டும் தனியாக நின்றான்.

"இங்கே எவன்டா வீரன்?" என்று கேட்டது வெருகன்.

செதிலனுக்கு இப்போது நடிக்கத் தேவையே இல்லை. முழங்கால் தானாக நடுங்கியது. உடம்பு சுருண்டுகொள்ளச் சொன்னது. தொண்டையோ காய்ந்து கிடந்தது. வெருகனுக்குப் பின்னால், இருபது அடி தூரத்தில், அந்திவெயிலில் மடு மின்னியது. அவன் அந்தத் தண்ணீரைப் பார்த்தான். காலையிலிருந்து தான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"பயமாத்தான் இருக்கு" என்றான். "இருந்தாலும் வர்றேன்."

வாளைக் கீழே வைத்துவிட்டு மடுவை நோக்கி நடந்தான்.

வெருகனுக்கு என்ன செய்வதென்று ஒரு கணம் புரியவில்லை. அதற்குள் கூட்டத்தில் யாரோ எழுந்தார்கள். தாழம்பூ. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு, குட்டிகளை இரு பக்கமும் அணைத்தபடி நடந்தாள். கௌதாரி எழுந்தாள். குரங்கு எழுந்தது, முள்ளம்பன்றி எழுந்தது, கீரிகள் எழுந்தன. எல்லாருக்கும் கால் நடுங்கியது. நடுங்கிய கால்களோடேயே எல்லாரும் நடந்தார்கள்.

வெருகன் செதிலன் மீது பாய்ந்து ஓங்கி ஓர் அறை விட்டது. செதிலன் பந்தாகிவிட்டான். நகம் செதிலின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்தது, வரவில்லை. உதறியது, பந்தும் கூடவே வந்தது. ஒற்றைக் கையில் எறும்புத்தின்னி தொங்க, மூன்று காலில் நொண்டி நொண்டி வட்டமடித்தது.

முதலில் யார் சிரித்தது என்று பிறகு எத்தனை விசாரித்தும் தெரியவில்லை. ஆனால் எழுபது பேரும் சிரித்தார்கள். மூன்று மாதம் தங்களை நடுங்கவைத்த பூனையை நேருக்கு நேர் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஒரு வழியாக நகத்தைப் பிடுங்கிக்கொண்டு வெருகன் நிமிர்ந்தது. உறுமியது. யாரும் விலகவில்லை. சுற்றி இருந்த முகம் ஒவ்வொன்றையும் பார்த்தது. தன்னைக் கண்டு சுருங்கும் ஒரு முகம்கூட இல்லை. வாலைத் தாழ்த்திக்கொண்டு முள்ளம்பன்றிக்கும் கீரிகளுக்கும் நடுவே நுழைந்து, மலைப்பக்கம் ஓடியது. அதன் பிறகு மருதங்காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

பந்துக்குள் செதிலன் அடுத்த அறைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. மெதுவாக மூக்கை வெளியே நீட்டினான். சளப் சளப் என்று ஒரு சத்தம் கேட்டது. மடுவைச் சுற்றிக் காடு முழுக்கக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கொக்கு வாத்தியார் கரையில் நின்று, முண்டியடித்த குட்டிகளை வரிசையில் விட்டுக்கொண்டிருந்தார். செதிலனைக் கண்டதும் ஓரடி நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.

செதிலன் போய்க் குனிந்து குடித்தான். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

எட்டாத உயரத்தில் நிற்கும் வீரனைக் கும்பிட மட்டுமே நமக்குத் தோன்றும். நம்மைப் போலவே தடுக்கி விழுந்து எழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும்போதுதான், நம்மாலும் எழுந்து நடக்க முடியும் என்ற தைரியம் வரும்.