முகாம் பக்கத்தின் தலைப்பு

கோபிச்செட்டிபாளையத்தில் விழாக்களையும் முகாம்களையும் வலைப்பக்கமாக ஏற்றித் தரும் கோகிலவாணிக்கு முப்பது வயது இருக்கும். அவளிடம் பாடம் கேட்க வந்த நாச்சிமுத்துவுக்கு அறுபதுக்குப் பக்கம். கல்யாணமோ கும்பாபிஷேகமோ, ஊரைக் கூப்பிடுவதென்றால் அவர்தான். நாச்சிமுத்து கூப்பிட்டு வராதவர் இல்லை என்று பெயர் எடுத்தவர்.

அந்தப் பெயர்தான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

காது கேளாத குழந்தைகளுக்கு ஓர் அறக்கட்டளை இலவச முகாம் நடத்தியது. ஆள் கூப்பிடும் பொறுப்பு அவருடையது. போன வருஷம் கோவையிலிருந்து டாக்டர்கள் கருவிகளோடு வந்து காத்திருந்தார்கள். மண்டபம் நிறையக் கூட்டம், எல்லாம் வெள்ளை வேட்டி. குழந்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வருஷமும் இப்படியென்றால் வேறு ஊருக்குப் போய்விடுகிறோம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதனால் நாச்சிமுத்து வலையில் ஒரு பக்கம் போட்டார். யாரும் எட்டிப்பார்க்கவில்லை.

"அம்மணி, கூகுளு எதுக்கு நம்ம பக்கத்தக் காட்ட மாட்டீங்குது?"

கோகிலவாணி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அச்சடித்த அழைப்பிதழை அப்படியே படம் பிடித்து ஏற்றியிருந்தார். தங்கக் கரை, பிள்ளையார், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை. கண்ணைப் பறித்தது. அவள் படங்களை மட்டும் மறைத்துக் காட்டினாள். பக்கம் வெள்ளைத்தாளாகிவிட்டது.

"அட, எல்லாம் எங்கீங்க போச்சு?"

"அதுக்கு இப்படித்தானுங்ணா தெரியும். படத்துக்குள்ள இருக்கற எழுத்த அது ஒழுங்காப் படிக்காது. எழுத்த எழுத்தாவே குடுக்கோணும்."

நாச்சிமுத்து போய் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டு வந்தார். அழைப்பிதழில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஜென்மப் பகை என்று அவருக்குத் தெரியாதா? ஒருவரையும் விடவில்லை. தலைப்பிலேயே அறக்கட்டளைத் தலைவர் அர்த்தநாரியைப் பட்டங்களோடும் படத்தோடும் உட்கார வைத்திருந்தார்.

கோகிலவாணி அந்த இணைப்பை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். ஒரு சின்னப் பெட்டி வந்து விழுந்தது. தலைப்பு 'கொடைவள்ளல், கல்விக் காவலர்' என்பதோடு அறுந்து நின்றது. மேலே வெட்டுப்பட்ட படத்தில் தலைவரின் மீசை மட்டும் தப்பித்திருந்தது.

"இதப் பாத்தா என்ன தெரியுதுங்ணா?"

"மீசைங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பாப்பாவ இடுப்புல வெச்சுட்டு ஒருத்தி இதப் பாக்கறா. தொடுவாளா, தள்ளிட்டுப் போவாளா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். தலைவரை எடுத்துவிட்டு வேறு தலைப்பு எழுதினார்: செவித்திறன் குறைபாடு கண்டறியும் இலவச முகாம்.

"இந்த வார்த்தைய உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"டாக்டருங்க."

"டாக்டரப் பாத்துட்டவங்களுக்கு முகாம் எதுக்குங்ணா?"

அவள் தன் போனை அவர் கையில் கொடுத்தாள்.

"தேடற எடத்துல 'குழந்தை கூப்பிட்டா'ன்னு அடிங்க. அதோட நிறுத்திக்குங்க."

அடித்தார். நிறுத்தினார். கேட்காமலேயே கீழே வரிகள் இறங்கின.

குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை.

குழந்தை கூப்பிட்டால் பார்ப்பதில்லை ஏன்.

"நீங்க எழுதி வெச்சதுங்களா?"

"இல்லீங்ணா. இதுக்கு முன்னால தேடுனவங்க கேட்டது."

அவர் அதை அழித்துவிட்டு, தானாகவே 'குழந்தை பேச' என்று அடித்தார். குழந்தை பேச என்ன செய்ய வேண்டும். குழந்தை பேச எந்தக் கோயில். குழந்தை பேச வயது தாண்டிவிட்டதா.

"எத்தன பேரு அம்மணி?"

"தெரியாதுங்ணா. ஒருத்தர் ரெண்டு பேரு கேட்டா இங்க வந்து நிக்காது."

மாமியாரிடமும் புருஷனிடமும் கேட்கப் பயந்ததையெல்லாம் யார் யாரோ இந்தத் தேடல் பெட்டியில் வந்து கேட்டிருக்கிறார்கள். ஆயுசு முழுக்க ஊரைக் கூப்பிட்டவர் நாச்சிமுத்து. அந்தப் பக்கத்திலிருந்து ஊரும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மேஜைக்கு அடியில் மெல்லச் செருப்பைக் கழற்றி வைத்தார். பிறகு புதுத் தலைப்பைத் தட்டினார்.

கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லையா? ஞாயிறு காலை கோபிக்குக் கூட்டி வாங்க, இலவசமாகப் பார்க்கிறோம்.

"தலைவரு என்னக் கொன்னே போடுவாருங்க."

"அவரு பேரு அடியில இருக்கட்டும். அவர அவரே தேடிக்குவாரு."

மீசை இருந்த இடத்தில் குழந்தையின் காதோரம் குனிந்து பேசும் ஒரு தாயின் படத்தை வைத்தார்கள். மண்டபத்துக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் பக்கத்தின் மேல்பகுதியிலேயே அவள் எழுத வைத்தாள். இணைப்பை மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை சின்னப் பெட்டிக்குள் ஓர் எழுத்தும் அறுபடவில்லை. அங்கன்வாடி டீச்சர்களின் குரூப்பில் போட்டார்கள். அங்கிருந்து அது எங்கெங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்து வாசலில் நாச்சிமுத்து நின்றார். படி முழுக்கக் குழந்தைகள். அதில் ஒரு முகமும் அவருக்குத் தெரியவில்லை. தான் கூப்பிடாத கூட்டத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தியிடம் கேட்டார்.

"எந்த ஊரு கண்ணு? யாரு சொல்லி வந்தே?"

"அம்மாபேட்டைக்கு அந்தப் பக்கமுங்க. யாரும் சொல்லலீங்க. எனக்குப் போன்ல தமிழ் அடிக்க வராது. மைக்க அமுக்கி, 'கூப்புட்டா எம்புள்ள திரும்ப மாட்டீங்குது'ன்னு சொன்னனுங்க. உங்க பக்கம் வந்துச்சு. நாங் கேட்டதே அதுல எழுதியிருந்துதுங்க."

அவள் உள்ளே போனாள். நாச்சிமுத்துவும் பின்னாலேயே போனார். கோகிலவாணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் வெகுநேரம் பரிசோதித்தார். பிறகு குழந்தையின் காதில் ஒரு கருவியைப் பொருத்திவிட்டு, தாயைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்.

"இப்பக் கூப்பிடுங்க."

அவள் கூப்பிட்டாள்.

"தன்ஷிகா."

குழந்தை திரும்பியது.

நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். குழந்தை திரும்பிய பிறகும் அந்தத் தாய் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் அர்த்தநாரி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"நாச்சிமுத்து! இந்தத் தலைப்ப யாருய்யா எழுதுனது? எம்பேரு எங்கய்யா?"

நாச்சிமுத்து துண்டை இறக்கினார். இத்தனை நாளும் அம்மணி என்று கூப்பிட்டவளைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சருங்க, நான் என்னங்க சொல்லட்டும்?"

கோகிலவாணி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தத் தாயின் பக்கம் கை நீட்டினாள்.

"அந்தா, அவங்கதானுங்ணா."