ஃபில்டரில் சிக்கிய எலி

தில்லையம்பலம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பஸ் டிக்கெட்டைக்கூட நாலாக மடித்துத்தான் சட்டைப்பையில் வைப்பார். வீட்டோடு மாப்பிள்ளை குணாளனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அன்று வாஷிங் மிஷின் தண்ணீரை வெளியே விடாமல் நின்றுவிட்டது.

"உங்க ஜீன்ஸைப் போட்டுத்தான் கெட்டுச்சு, மாப்பிள்ளை. இனி மொத்த வீட்டுத் துணியையும் நீங்களே கையால துவைங்க!" என்றார் மாமனார்.

குணாளன் பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி செருகிப் பார்த்தான். மிஷின் மசியவில்லை.

"சரி மாமா. அடியில ஃபில்டர் இருக்கு. யார் துணியிலிருந்து விழுந்தது அதை அடைச்சிருக்கோ, அவங்களே துவைக்கட்டும். சம்மதமா?"

"தாராளமா! எல்லார் முன்னாலயும் திறங்க!" என்று தன் மனைவி கோமளத்தையும் கூவி அழைத்தார்.

தண்ணீரை முறத்தளவு தட்டில் வடித்துவிட்டு, குணாளன் மூடியைத் திருகினான். கொத்தாக வந்து விழுந்தன சாக்லேட் காகிதங்கள்.

மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு வாசலைத் தாண்டக் கூடாது என்பது கோமளத்தின் உத்தரவு.

"எலி இழுத்துப் போட்டிருக்கும்," என்றார் அவர்.

"எலிதான் மாமா," என்றான் குணாளன். "தின்னுட்டு, காகிதத்தை நாலா மடிச்சு வைக்கிற எலி."

கோமளம் சோப்பை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள்.